என் பக்கத்து விளிம்பு

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், இது வீடு இல்ல, சங்கம். செண்பகா நகர் குடியிருப்போர் நலச் சங்கம். போர்டு விழுந்துடுச்சு, மாட்டணும். மேசையப் பாக்கத்தான வந்தீங்க? இதான். போன்ல பேசினது நான்தான். வைத்தியலிங்கம். தலைவர்.

உக்காருங்க. அங்க வேணாம், அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். இப்படி எதிர்ப்பக்கம் வாங்க. ஆங், அப்படி. டியூஷன் சென்டருக்குன்னு சொன்னீங்கல்ல? நல்லது. புள்ளைங்க சுத்தி உக்காந்து எழுதலாம். மரம் வாகை. தட்டிப் பாருங்க, சத்தமே சொல்லும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஓ, அதுவா. வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்க. சுத்திலும் விளிம்பு ஒரு விரக்கடைக்குச் சாய்ச்சு சீவியிருக்கு, நான் உக்காந்திருக்கற இந்த எடத்துல மட்டும் நாலு விரக்கடைக்கு அகலமா எறங்குது. ஏன்னு கேக்கறீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு கேட்டரிங்காரர் வந்தாரு, அவரும் இதையேதான் கேட்டாரு. பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், பாதில எந்திரிச்சுப் போயிட்டாரு. பொறுமை இல்லாத மனுசன். உங்களப் பாத்தா அப்படித் தெரியல.

சொல்றேன். ஆனா அதுக்கு மொதல்ல நான் யாருன்னு தெரியணும். நான் ரயில்வேல கூட்ஸ் கார்டு. சர்வீஸ் பூரா வண்டியோட கடைசிப் பெட்டில ஒத்தையா உக்காந்து போனவன். பின்னாடி பாத்தா தண்டவாளம், முன்னாடி பாத்தா நிலக்கரி. அப்படியே காலம் போச்சு. எனக்குப் போயி முன்னாடி உக்காரணும், தலைமாட்டுல உக்காரணும்னு ஆசை இருக்குமா? நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு. ஒரு வண்டிக்குப் பொறுப்பு யாருன்னு நெனைக்கிறீங்க? டிரைவரா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. ரூல் புக்கப் பாருங்க சார். கார்டுதான். நான் பச்சை காட்டலேன்னா அவன் ஒரு அடி நகர முடியாது. இது யாருக்கும் தெரியறதில்ல. அத விடுங்க.

அந்த டிரைவர் யாருன்னா, அருளானந்தம். என் வண்டிய ரொம்பக் காலம் ஓட்டினவன் அவன்தான். அவன் முன்னாடி, நான் பின்னாடி. ரிட்டையர் ஆனதும் பக்கத்துப் பக்கத்துல மனை வாங்கினோம், ஒரே கொத்தனார வெச்சுக் கட்டினோம். சங்கம் ஆரம்பிச்சப்ப நான் தலைவர், அவன் செயலாளர். அவன் சம்சாரம் தவறினப்புறம் காலைப் பலகாரம் அவனுக்கு எங்க வீட்டுலதான். என் வீட்டம்மா அவனுக்குன்னு காரம் கம்மியா தனிச் சட்னி அரைப்பா. எனக்கு இந்த நகர்ல பேச்சுத்துணைன்னா அவன் ஒருத்தன்தான். மத்தவங்ககிட்டல்லாம் குடிதண்ணி, தெருவிளக்கு, சாக்கடை, அவ்வளவுதான் பேச்சு.

அப்ப இங்க கெடந்தது ஒரு நீட்டு இரும்பு மேசை. தலைமாட்டுல ஒரு நாற்காலி, அதுல தலைவர். நான் கேட்டு உக்காரல, தலைவருன்னா அங்கதான உக்காரணும்? டீக்கடை பவுனம்மா தூக்குல டீ கொண்டு வருவா. மொத கிளாஸ் தலைமாட்டுக்கு. தலைவர் ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸக் கீழ வெச்சாருன்னா கூட்டம் ஆரம்பம்னு அர்த்தம். மணி அடிக்கறதெல்லாம் கெடையாது. எந்த விதியிலயும் எழுதல, அதுவா வந்த பழக்கம். வருசப் பொதுக்கூட்டத்துல சால்வை போத்தறதும் அந்த நாற்காலில இருக்கறவருக்குத்தான். நான் இதுக்கெல்லாம் ஆசைப்பட்டவன் இல்ல சார். பீரோல சால்வை வைக்க எடம் இல்லேன்னு வீட்டம்மா சத்தம் போடுவா.

போன வருசம் ஆடிக் காத்துல பூங்காவுல இருந்த வாகை மரம் சாஞ்சுடுச்சு. வெறகுக்குப் போட மனசு வரல. சங்கத்துக்கு ஒரு நல்ல மேசை செய்வோம்னு பேச்சு வந்துது. அப்பத்தான் அருளு எந்திரிச்சுச் சொன்னான். "இனிமே நமக்குள்ள தலைமாடு கால்மாடு எதுக்குய்யா? வட்டமாப் போட்ருவோம். யாரு எங்க வேணா உக்காரலாம்." எல்லாரும் கை தட்டிட்டாங்க. நானும்தான் தட்டினேன். அந்தத் தீர்மானத்த வழிமொழிஞ்சதே நான்தான். எனக்கென்ன வந்துது?

ராத்திரி மட்டும் கொஞ்சம் தூக்கம் வரல. அது வெக்கை.

ஆசாரி பேரு பஞ்சநாதன். வாய்க்குள்ள எப்பவும் பாக்கு. நல்ல வேலைக்காரன்தான், ஆனா சொன்னதச் செய்யற ஆளு, சொல்லாததச் செய்யாத ஆளு. பூங்கா கொட்டகையில வெச்சே வேலை. பலகைங்கள ஒட்டி எடுத்து, நடுவுல ஆணி அடிச்சு, கயிறு கட்டி, பென்சிலால ஒரு சுத்து சுத்தினான். அறுத்து முடிச்சதும் பாத்தா முழுநிலா மாதிரி அவ்வளவு பெரிசு. ஒம்போது பேரு தாராளமா உக்காரலாம், கமிட்டியே ஒம்போது பேருதான். நான் தெனமும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டேன். யாராவது ஒருத்தர் பொறுப்பாப் பாக்க வேணாமா?

அறுத்த விளிம்பு கத்தி மாதிரி நின்னுது. பாக்க வந்த மெகருன்னிசா டீச்சர், அவங்க எங்க பொருளாளர், முழங்கையில கீறிக்கிட்டாங்க. சரி, மேல் விளிம்பைச் சாய்ச்சு சீவிடுன்னேன். பஞ்சநாதன் சொன்னான், நேர் விளிம்புன்னா ஒரே இழுப்புல சீவிடலாம் சார், இது வட்டம், போகப் போக மரத்தோட ஓட்டம் மாறும்னு. ஒரு பக்கம் இழைப்புளி வெண்ணெயில போற மாதிரி போகுது. கொஞ்சம் வளைஞ்சதும் ஓட்டத்துக்கு எதிரா மாட்டிக்கிது, சில்லு சில்லா பேந்து வருது. உடனே அவன் சுத்திப் போயி அந்தப் பக்கத்துலேர்ந்து சீவணும். இப்படி மேசையச் சுத்தி இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்தான். நானும் கூடவே நடந்தேன். "அங்க கொஞ்சம் மேடு, இங்க கொஞ்சம் பள்ளம்"னு சொல்லிக் குடுத்தேன். அவன் வாயில பாக்கு இருந்ததால ஒண்ணும் பதில் சொல்லல.

அப்பத்தான் என் மணிக்கட்டு ஞாபகம் வந்துது. பாருங்க, இதான். பிரேக் வேன்ல, அதான் அந்தக் கடைசிப் பெட்டில, கைப் பிரேக்குச் சக்கரத்தச் சுத்திச் சுத்தித் தேஞ்சு போன மணிக்கட்டு. மேசை மேல கைய வெச்சா விளிம்பு சரியா இதுல அமுத்தும். டாக்டரே சொல்லியிருக்காரு. அதாவது, கேட்டா சொல்லுவாரு. அதனால பஞ்சநாதனத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். "சுத்திலும் ஒரு விரக்கடை எடு. ஒரு எடத்துல மட்டும், ஒரு ஆளு கைய வெக்கற அகலத்துக்கு, நாலு விரக்கடை எறக்கிடு."

"எந்த எடத்துல சார்?"

"எங்கயாச்சும் ஒரு எடத்துல."

"எங்கயாச்சும்னா நான் எங்கன்னு சீவறது?"

"வட்ட மேசைதானய்யா, எல்லா எடமும் ஒண்ணுதான்."

"அப்ப இங்க எறக்கிடவா?"ன்னு சங்கத்துல கொண்டு போயிப் போட்டா வாசலுக்கு முதுகு காட்டற பக்கமாத் தொட்டுக் காட்டினான். நான் சொன்னேன், அங்க வேணாம், ஃபேன் காத்து வராது. வாசலப் பாத்த மாதிரி, ஃபேனுக்கு நேரா, செவுத்துல முன்னாள் தலைவர் படம் மாட்டினா எங்க மாட்டுவோமோ அதுக்குக் கீழ. காத்துக்காகத்தான் சார். அவன் பென்சில் எடுத்து ஒரு கோடு போட்டான். திடீர்னு அகலமாக்கினா அசிங்கமா இருக்கும்னு ரெண்டு பக்கமும் மெல்ல மெல்ல விரிச்சு, மெல்ல மெல்லக் குறுக்கி, அவ்வளவு நேர்த்தியா எறக்கியிருந்தான். கைய வெச்சேன் பாருங்க. அந்த சொகத்தச் சொல்ல முடியாது.

நான் யார்கிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? தானாத் தெரியப்போவுது.

மொதக் கூட்டம். அன்னிக்கு நான் சீக்கிரமே கெளம்பியிருப்பேன். புதுச் சட்டை, இஸ்திரி சரியா வரல, திரும்பப் போட்டேன். விபூதி வேற அழிஞ்சு போச்சு. அதனால கொஞ்சம் தாமதம். உள்ள நுழையறேன். என் எடத்துல அருளு உக்காந்திருக்கான்.

என் எடம்னா, அந்த எடம்.

அவனுக்குக் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கல். ஆபரேஷன் பண்ணிக்கடான்னா அடுத்த மாசம், அடுத்த மாசம்பான். உள்ள வந்தா செவுரத் தொட்டு, மேசையத் தொட்டு, விளிம்பத் தடவிக்கிட்டேதான் நடப்பான். அன்னிக்கும் அப்படித் தடவிக்கிட்டே வந்து, எங்க கைக்கு எதமா இருந்துதோ அங்க உக்காந்துட்டான். கண்ணுதான் மங்கல், காரியத்துல தெளிவு, பாத்துக்கங்க.

என்னப் பாத்ததும் சிரிக்கறான். "வாய்யா லிங்கம். இங்க வந்து கைய வெச்சுப் பாரு. பஞ்சநாதன் தூங்கிக்கிட்டே சீவியிருப்பான் போல, இந்த எடத்துல மட்டும் ஜாஸ்தியா எறக்கிட்டான். ஆனா சொகமா இருக்குய்யா. உக்காந்து பாக்கறியா?"

உக்காந்து பாக்கறியான்னு கேக்கறான் சார், என்கிட்ட.

"இருக்கட்டும், நீயே உக்காரு"ன்னேன். மனுசன் அப்படிச் சொன்னா, சொன்ன தொனியில புரிஞ்சுக்க வேணாமா? சரின்னு உக்காந்துட்டான். நான் வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்தேன். பவுனம்மா வந்தா. வட்ட மேசையப் பாத்து முழிச்சா, மொத கிளாஸ எங்க வெக்கறதுன்னு. ஒரு சுத்து பாத்தா. அகலமா எறங்கின எடம் கண்ணுல பட்டுது, தலைமாடு இதுதான்னு முடிவு பண்ணி அருளு முன்னாடி வெச்சா. அவன் எடுத்துக் குடிச்சான். அப்பாவி மாதிரி. குடிச்சுட்டுக் கீழ வெச்சான், உடனே டீச்சர் வரவு செலவு படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் தலைவர் சார். எனக்கு டீயே வரல, கூட்டம் ஆரம்பிச்சுடுச்சு.

வீட்டுக்கு வந்து சாப்பிடல. வீட்டம்மா கேட்டா. சொன்னேன். "அருளு, அது என் எடம், எந்திரின்னா அண்ணன் எந்திரிக்கப் போறாரு. இதுக்கா சோத்த வேணாங்கறீங்க?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? வட்ட மேசையில போயி இது என் எடம்னு எப்படிச் சொல்றது? அப்புறம் வட்டமாப் போட்டதுக்கு என்ன அர்த்தம்? தீர்மானத்த வழிமொழிஞ்சவனே அப்படிச் சொல்லலாமா?

அதனால கொள்கைப்படி போனேன். பஞ்சநாதனக் கூப்பிட்டு, "ஒரு எடத்துல மட்டும் அகலமா இருக்கறது சமத்துவம் இல்ல. சுத்திலும் நாலு விரக்கடை எறக்கு"ன்னேன். "எதிரோட்டம் வர்ற எடத்துல அவ்வளவு எறக்கினா பேந்துடும் சார்"னான். "பொறுமையா எடு"ன்னேன். எடுத்தான். பேந்த எடத்துல மரத்தூள் பசை வெச்சு அடைச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சான். இப்ப எல்லா எடமும் ஒண்ணு. எனக்கு மனசு லேசாச்சு. அருளு வந்து தடவிப் பாத்துட்டு, "அட, எல்லாருக்கும் போட்டுட்டியா? நல்ல காரியம்யா"ன்னு என் தோளத் தட்டினான். நக்கல் பண்றானோன்னு இருந்துது. முகத்தப் பாத்தா அப்படித் தெரியல. அவன் முகத்துல எதுவும் தெரியாது, அதான் அவன்கிட்ட ஆபத்து.

அந்தக் கூட்டத்துல என்னாச்சுன்னா, பவுனம்மா பழக்கத்துல கிளாஸ ஓரமா வெச்சா. ஓரம் பூராவும் சரிவு. மெகருன்னிசா டீச்சரோட கிளாஸ் மெதுவா நகந்து அவங்க மடியில போயி உக்காந்துடுச்சு. பெருநாளுக்கு எடுத்த பொடவை. அவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. டீ வெக்க முடியாத மேசை என்னங்க மேசைன்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. சரிவ மொத்தமா அறுத்து எடுத்துடுன்னு முடிவாச்சு.

அறுத்தா வட்டம் சின்னதாகும்ல? ஆச்சு. ஒம்போது பேரு நெருக்கி உக்காரலாம்ங்கற அளவுக்கு வந்துது. பழையபடி ஒரு விரக்கடை சாய்ப்பு. எல்லாம் சரி, என் மணிக்கட்டு? அது அப்படியேதான இருக்கு? பஞ்சநாதன்கிட்ட சொன்னேன். இந்தத் தடவ வேற எடம், ஜன்னல் பக்கம். கொஞ்சமா, பாத்தாத் தெரியாம, தொட்டா மட்டும் தெரியற மாதிரி எறக்குன்னு. அவனும் அப்படியே செஞ்சான். பாத்தா வித்தியாசம் தெரியாது. இஸ்திரியெல்லாம் முந்தின நாளே போட்டு வெச்சுட்டு, கூட்டத்துக்கு நேரத்தோட வந்தேன். வந்து, சாவி குடுக்கறதுக்காக வாட்ச்மேன்கிட்ட ஒரு நிமிசம் பேசினேன். ஒரே நிமிசம். திரும்பிப் பாத்தா அருளு விளிம்பத் தடவிக்கிட்டே சுத்தி வர்றான். மெதுவா. ஒவ்வொரு நாற்காலியா தாண்டி வர்றான். ஜன்னல்கிட்ட வந்ததும் கை நின்னுது. உக்காந்துட்டான்.

சொல்லுங்க சார். ஒரு தடவன்னா தற்செயல். ரெண்டாவது தடவையும்னா?

மறுநாள் பலகாரத்துக்கு வந்தான். நான் பேப்பர முகத்துக்கு நேரா விரிச்சுக்கிட்டேன். அவன் ஏதேதோ பேசினான். பொன்மலை ஷெட்டுல யாரோ தவறிட்டாராம், ஓசூர்ல இருக்கற மக வரச் சொல்லிக் கூப்பிடறாளாம், போக மனசில்லையாம். நான் உம் கொட்டினேன். அடுத்த நாளும் பேப்பர். அதுக்கடுத்த நாளும். அப்புறம் ஒரு நாள் வாசல்லயே நின்னுக்கிட்டு, "வயிறு சரியில்ல தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு நானே ஏதாச்சும் கஞ்சி வெச்சுக்கறேன்"னு என் வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டான். வயிறு சரியில்லேன்னா நான் என்ன பண்றது? அடுப்புல கையச் சுட்டுக்கிட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். இவ தோசை எடுத்துக்கிட்டுப் போனா. நான் தடுக்கலயே. அந்த மாதிரி சின்னப் புத்தி எனக்குக் கெடையாது.

ஆனா மேசை விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டணும்ல? பஞ்சநாதனத் திரும்பக் கூப்பிட்டேன். "என்ன சார், மேசைய முக்காலி ஆக்கிட்டுத்தான் விடுவீங்களா?"ன்னான். பாக்குத் துப்பிட்டு வந்து கேக்கறான். இன்னொரு சுத்து அறுக்கச் சொன்னேன். இந்தத் தடவ எங்கயும் வித்தியாசம் கூடாது, தொட்டாலும் தெரியக் கூடாது, எறும்பு நடந்தா அதுக்குக்கூட தெரியக் கூடாதுன்னேன். அதுலதான் இந்த அளவுக்கு வந்துது. சுத்தி எட்டு நாற்காலிதான் போட முடிஞ்சுது. ஒம்போதாவது நாற்காலிய நான்தான் எடுத்து ஸ்டோர் ரூம்ல வெச்சேன். எடம் இல்லாத எடத்துல நாற்காலி எதுக்கு? மொதல்ல வர்றவங்களுக்கு மொத எடம், அதான் நியாயம். அன்னிலேர்ந்து நான் மொதல்ல வர ஆரம்பிச்சேன்.

அருளு கடைசியாத்தான் வந்தான், நடக்க நேரமாகுது அவனுக்கு. முழங்காலும் போச்சு. செவுரத் தொட்டான், விளிம்பத் தொட்டான், நடந்தான். எல்லா எடமும் ஒரே மாதிரி. தடவிக்கிட்டே வந்தான், எல்லா நாற்காலிலயும் ஆளு. ஒரு முழுச் சுத்து சுத்திட்டுக் கெளம்பின எடத்துக்கே வந்துட்டான். அது அவனுக்குத் தெரியல. இன்னொரு தடவ சுத்த ஆரம்பிச்சான். டீச்சர் சட்டுனு எந்திரிச்சு, "சார், இங்க உக்காருங்க"ன்னாங்க. அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுது போல. "இல்லம்மா, நீங்க கணக்குப் படிக்கணும். நான் நின்னுக்கறேன். வண்டியில நின்னுக்கிட்டே ஓட்டின ஆளுதான்"னு விளிம்பப் புடிச்சுக்கிட்டு நின்னான். கூட்டம் முடியற வரைக்கும் நின்னான்.

நான் எந்திரிச்சிருப்பேன் சார். சத்தியமா எந்திரிச்சிருப்பேன். ஆனா அப்பத்தான் பவுனம்மா என் முன்னாடி மொத கிளாஸ வெச்சிருந்தா. டீயோட எப்படி எந்திரிக்கறது?

அதுக்கப்புறம் அவன் கூட்டத்துக்கு வரல. செயலாளர் பதவிய ராஜினாமா பண்ணிட்டான். தேர்தல்ல என்ன எதிர்த்து யாரும் நிக்கல, போட்டியில்லாம தேர்வு. நீங்களே பாருங்க, மக்களுக்கு யாரு வேணும்னு தெரியுது. ஆனா டீச்சரும் வர்றத நிறுத்திட்டாங்க. மத்தவங்களுக்கும் ஏதேதோ வேலை. இப்பல்லாம் எல்லாத்தையும் வாட்சப்புலயே பேசி முடிச்சுடறாங்க. இந்த மேசைய விக்கணும்ங்கற தீர்மானம்கூட அதுலதான் வந்துது, கட்டை வெரல் படத்தப் போட்டு எல்லாரும் ஆமோதிச்சிருந்தாங்க. எனக்கு அந்தப் படம் போடத் தெரியல.

இந்த அகலமான எடத்த எப்ப எறக்கினீங்கன்னுதான கேக்க வர்றீங்க? அவன் வராம போனப்புறம். இனிமே யாருக்கும் எடைஞ்சல் இல்லையேன்னு பஞ்சநாதனக் கூப்பிட்டு எறக்கிக்கிட்டேன். கைய வெச்சா எதமா இருக்கு. தெனமும் சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் உக்காருவேன். தலைவர்னு ஒருத்தர் ஆபீஸ்ல இருக்கணும்ல, யாராவது வந்தா?

ஓசூர்லேர்ந்து மக வந்து அவனக் கூட்டிக்கிட்டுப் போனா. வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பற அன்னிக்கு இங்க வந்தான். நான் இங்கதான் உக்காந்திருந்தேன். அவன் தடவிக்கிட்டே கிட்ட வந்தான், இந்த எடத்துல கை பட்டுது. பட்டதும் எடுத்துக்கிட்டான். சுட்ட மாதிரி எடுத்தான் சார். அப்புறம், "பஞ்சநாதன டீக்கடையில பாத்தேன்யா, எல்லாம் சொன்னான்"னான். அப்புறம் சொன்னான். "அது உன் எடம்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேனே லிங்கம். எனக்கு எங்க உக்காந்தா என்ன? உன்கூட உக்காரத்தான்யா நான் வந்தேன்."

நான் என்ன சொல்றது? "வட்ட மேசையில உன் எடம் என் எடம்னு ஏதுடா"ன்னேன். சரியாத்தான சொன்னேன்? அவன் என் தோளத் தேடித் தொட்டுட்டுப் போயிட்டான். கதவுகிட்ட கொஞ்சம் தடுமாறினான், மக வந்து புடிச்சுக்கிட்டா.

எனக்கும்தான் சார் வலிக்குது. மரம் மட்டை இல்லையே நான். காலையில தட்டு முன்னாடி உக்காந்தா எதிர்ல காலியா இருக்கு. வீட்டம்மா இன்னும் பழக்கத்துல அந்தக் காரமில்லாத சட்னிய அரைச்சு வெச்சுட்டு அப்புறம் முழிக்கிறா. ஆனா நீங்க ஒண்ண யோசிச்சுப் பாருங்க. சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பேங்கறான். சொல்லி வாங்கினா அதுக்குப் பேரு மரியாதையா? இத்தன வருசம் என் வண்டிய ஓட்டினவன், நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமா இல்லையா? தப்பு எங்க இருக்குன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். ஞாயித்துக்கிழமைல இந்த நேரத்துக்கு அடிப்பான். போன வாரமும் அடிச்சான், அதுக்கு முந்தின வாரமும். எடுக்கல. எடுக்கச் சொல்றீங்களா? இன்னிக்கு எடுக்கலாம்னுதான் நானும் நெனைச்சேன், அதான் பாக்கெட்டுலேர்ந்து எடுத்து மேசை மேலயே வெச்சேன். ஆனா ஒடனே எடுத்தா, காத்துக்கிட்டே இருந்திருக்கான் பாருன்னு நெனைப்பான். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும். கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டானாம், மக என் வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கா. இப்ப நல்லாத் தெரியுதாம். இருங்க, இன்னும் ஒரு மணி அடிச்சதும் எடுத்துடறேன்.

நின்னுடுச்சு.

பாத்தீங்களா, அவ்வளவுதான் அவன். இன்னும் ஒரு மணி அடிக்கற வரைக்கும் பொறுக்க முடியல. திரும்ப அடிக்க மாட்டான், வீம்புக்காரன். நீங்க எங்க சார் எந்திரிக்கிறீங்க? மேசையப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லையே. உக்காருங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. திரும்ப அடிச்சாலும் அடிப்பான்.